சொந்தப் புத்தியுள்ள வாகனம்: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் அறிவுள்ள உயிரினங்களின் மேல் சவாரி செய்வது எப்படி

பாத்திரங்களாக நடித்துப் பகடை உருட்டி ஆடும் மேசை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்புக்கான 2014ஆம் ஆண்டு விதிநூலில் சவாரிப் போருக்கு ஒதுக்கப்பட்டுள்ள இடம் மிகச் சிறியது. அதிலும் பெரும்பகுதி குதிரையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. டிராகன் போன்ற அறிவுள்ள உயிரினங்கள் தம் விருப்பப்படியே இயங்கும் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நூல் அடுத்த பகுதிக்குப் போய்விடுகிறது. சிறகுள்ள குதிரையான பெகாசஸின் முதுகில் ஏறிப் பறக்க ஆசைப்படும் ஆட்டக்காரருக்கும், அதற்கு இசைவு தரும் டன்ஜன் மாஸ்டருக்கும் (ஆட்டத்தை நடத்துபவர்; இனி டி.எம்.) எழும் கேள்விகள் அனைத்தும் அந்த ஒற்றை வாக்கியத்திலிருந்துதான் தொடங்குகின்றன. பெகாசஸ், ஓநாய் போன்ற வோர்க், ராட்சதக் கழுகு ஆகிய மூன்றையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, அவற்றின் மேல் சவாரி செய்வதை மேசையில் எப்படி ஒழுங்காக நடத்துவது என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது. வாகனம் எவ்வளவு வலிமையானது என்பதைவிட, எந்தத் தருணத்தில் யார் முடிவெடுக்கிறார் என்பதைத்தான் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். அதைத் தீர்க்காமல் ஆட்டத்தைத் தொடங்கினால், முதல் சண்டையின் இரண்டாவது சுற்றிலேயே விவாதம் கிளம்பிவிடும்.

எல்லா வாகனங்களுக்கும் பொதுவான விதிகள்

வாகனமாக இருக்க இசையும் உயிரினம், ஏறுபவரைவிடக் குறைந்தது ஓர் அளவு பெரியதாகவும், சவாரிக்கு ஏற்ற உடலமைப்பு கொண்டதாகவும் இருக்க வேண்டும். ஆகவே மனிதப் பாத்திரத்துக்கு ‘லார்ஜ்’ அளவு உயிரினம் தேவை. ஹாஃப்லிங் போன்ற சிறிய பாத்திரத்துக்கு மாஸ்டிஃப் நாயே போதும். உங்கள் முறையில் ஒரு தடவை, 5 அடிக்குள் இருக்கும் வாகனத்தில் ஏறலாம் அல்லது அதிலிருந்து இறங்கலாம். அதற்கு உங்கள் வேகத்தில் பாதி செலவாகும். 30 அடி வேகம் உள்ளவருக்கு 15 அடி.

வாகனம் அதன் விருப்பத்துக்கு மாறாக ஏதோ ஒரு விளைவால் நகர்த்தப்பட்டால், மேலே இருப்பவர் 10 என்ற இலக்குடன் டெக்ஸ்டெரிட்டி சேவிங் த்ரோ (உடல் லாவகத்தால் ஆபத்திலிருந்து தப்பப் பகடை உருட்டும் சோதனை) செய்ய வேண்டும். தோற்றால் 5 அடிக்குள் தரையில் விழுந்து கிடப்பார். சவாரி செய்பவரையே யாராவது தள்ளி வீழ்த்த முயன்றாலும் இதே சேவிங் த்ரோதான். வாகனம் சாய்ந்து விழுந்தால், ஒரு சுற்றுக்கு ஒரு தடவை மட்டும் கிடைக்கும் உடனடி எதிர்வினையான ரியாக்‌ஷனைச் செலவழித்துக் குதித்துக் காலூன்றி நிற்கலாம். ரியாக்‌ஷன் கைவசம் இல்லாவிட்டால் அதனுடன் சேர்ந்து விழவேண்டியதுதான். எட்டும் தூரத்தைவிட்டு விலகுபவர் மேல் எதிரி செய்யும் உடனடித் தாக்குதலான ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக்கை வாகனத்தின் நகர்வு தூண்டினால், தாக்குபவர் வாகனத்தையோ மேலிருப்பவரையோ தேர்ந்தெடுத்து அடிக்கலாம்.

இதற்குப் பிறகு விதி இரண்டாகப் பிரிகிறது. பழக்கப்பட்ட குதிரையை நீங்கள் கட்டுப்படுத்தலாம். அப்போது அது உங்கள் இனிஷியேட்டிவ் (சண்டையில் யார் முறை எப்போது வரும் என்ற வரிசை) எண்ணுக்கு மாறி, நீங்கள் சொல்லும் திசையில் நகரும், ஆனால் டேஷ் (கூடுதலாக ஓடுதல்), டிஸ்எங்கேஜ் (அடிபடாமல் விலகுதல்), டாட்ஜ் (தற்காத்தல்) ஆகிய மூன்று ஆக்‌ஷன்களில் ஒன்றை மட்டுமே செய்யும். தன்னிச்சையாக இயங்கும் வாகனமோ தனக்குரிய இனிஷியேட்டிவ் இடத்திலேயே இருக்கும். கடிக்கலாம், உதைக்கலாம், பறந்து ஓடிப்போகவும் செய்யலாம். முதுகில் ஆள் இருப்பதால் அதன் ஆக்‌ஷன்களுக்கு எந்தக் கட்டுப்பாடும் வராது. அறிவுள்ளவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

எதை அறிவுள்ளது என்று கொள்வது

எத்தனை இன்டெலிஜென்ஸ் (அறிவுத்திறன் எண்) இருந்தால் அறிவுள்ளது என்று நூல் எண் எதையும் குறிப்பிடவில்லை. எண்ணை வைத்துக் கோடு கிழிக்க முயன்றால் தடுமாற்றம்தான் மிஞ்சும், ஏனெனில் சாதாரணக் குரங்கின் இன்டெலிஜென்ஸ் 6, வோர்க்கின் இன்டெலிஜென்ஸ் 7. நான் பரிந்துரைப்பது வேறொரு சோதனை: உயிரினத்தின் குறிப்பில் மொழிகள் என்ற வரியைப் பாருங்கள். ஏதேனும் ஒரு மொழியைப் புரிந்துகொள்ளும் உயிரினம் அறிவுள்ளது. அந்த வரி காலியாக இருந்தால் அது விலங்கு. கிரிஃபனும் ஹிப்போகிரிஃபும் இன்டெலிஜென்ஸ் 2 மட்டுமே கொண்டவை, மொழியும் அறியாதவை. ஆகவே முறையாகப் பழக்கினால் அவற்றைக் குதிரைபோலவே கட்டுப்படுத்தலாம். பெகாசஸுக்கு இன்டெலிஜென்ஸ் 10, அதாவது சராசரி மனிதனின் அளவு. காமன், எல்விஷ், செலஸ்டியல், சில்வன் ஆகிய நான்கு மொழிகளும் அதற்குப் புரியும், ஆனால் பேச வராது. ராட்சதக் கழுகுக்கு இன்டெலிஜென்ஸ் 8. காமன் புரியும், பேசுவது தன் இனத்தின் மொழியை மட்டும். வோர்க் காப்ளின் மொழியில் வாய்விட்டே பேசும்.

இந்த வேறுபாடு ஆட்டத்தில் நேரடியாகப் பயன்படும். விலங்குகளுடன் பேசவைக்கும் ‘ஸ்பீக் வித் அனிமல்ஸ்’ மந்திரம் ராட்சதக் கழுகிடம் பலிக்கும், ஏனெனில் அது ‘பீஸ்ட்’ வகை. பெகாசஸ் ‘செலஸ்டியல்’, வோர்க் ‘மான்ஸ்ட்ராசிட்டி’ என்பதால் அவற்றிடம் அந்த மந்திரம் பலிக்காது. அதேபோல, மிரண்ட குதிரையை அடக்க அனிமல் ஹாண்ட்லிங் திறனைப் பயன்படுத்துகிறோம். பயந்துபோன பெகாசஸை அமைதிப்படுத்தப் பெர்ஸுவேஷன் (பேசி இணங்கவைத்தல்) வீசச் சொல்வதே முறை. நான்கு மொழி தெரிந்த உயிரினத்தைக் கழுத்தில் தட்டிக்கொடுத்துச் சமாதானப்படுத்துவதாக ஓர் ஆட்டக்காரர் சொன்னால், அதை அவமானமாக எடுத்துக்கொள்ள அந்த உயிரினத்துக்கு எல்லா உரிமையும் உண்டு.

இனிஷியேட்டிவ் சிக்கலும் அதைத் தீர்க்கும் வழியும்

நடைமுறையில் அதிகம் இடறவைப்பது இந்த இடம்தான். ஐந்தாம் லெவல் பாலடின் (புனிதப் போர்வீரர்) ஒருவர் பெகாசஸ் மேல் அமர்ந்திருக்கிறார். 60 அடிக்கு அப்பால் ஓர் ஓகர் (மனித உருவ அரக்கன்) நிற்கிறது. இனிஷியேட்டிவில் பெகாசஸ் 19, பாலடின் 14, ஓகர் 8 என்று வந்தால் எல்லாம் அழகாக நடக்கும்: பெகாசஸ் தன் 90 அடிப் பறக்கும் வேகத்தால் ஓகரை நெருங்கிக் குளம்பால் உதைக்கிறது, பிறகு பாலடின் தன் இரண்டு தாக்குதல்களையும் செய்கிறார். மாறாக பாலடின் 14, பெகாசஸ் 9 என்று வந்தால், முதல் சுற்றில் பாலடினின் முறை வரும்போது எதிரி எட்டாத தொலைவில் இருக்கிறது. அவர் ‘ரெடி’ ஆக்‌ஷனை எடுத்து, பெகாசஸ் ஓகருக்கு அருகில் கொண்டுசேர்த்ததும் தாக்குவேன் என்று காத்திருக்க வேண்டும். அப்படிச் செய்தால் ரியாக்‌ஷன் செலவாகிவிடுகிறது. ‘எக்ஸ்ட்ரா அட்டாக்’ தன்னுடைய முறையில் மட்டுமே செல்லும் என்பதால் இரண்டு தாக்குதல்களில் ஒன்று பறிபோகிறது. அடுத்த சுற்றுகளில் பெகாசஸ் தன் முறையில் பாய்ந்து உதைத்துவிட்டு உயரே விலகிப்போகும் பழக்கம் உடையதாக இருந்தால், பாலடின் ஆட்டம் முழுவதும் இந்த நட்டத்தைச் சுமப்பார். அறிவுள்ள வாகனம் கிடைத்ததே தண்டனை என்று ஆட்டக்காரர் நினைக்கும் நிலை இது.

விதிநூலுக்குள்ளேயே நின்று இதைச் சமாளிக்க விரும்புபவர்கள், வாகனம் எதிரியின் அருகில் வந்து தன் முறையை முடிக்கும்படி அதனுடன் பேசிவைத்துக்கொள்ளலாம். அப்போது இரண்டாம் சுற்று முதல் பாலடினின் இரண்டு தாக்குதல்களும் கிடைக்கும். ஆனால் அதற்குள் ஓகரின் தடியடி இருவரில் ஒருவர் மேல் விழுந்திருக்கும். ஈட்டிக்குப் பதில் ‘லான்ஸ்’ எடுத்துக்கொள்வதும் உதவும்: குதிரைமேல் இருக்கும்போது அதை ஒரு கையால் பிடிக்கலாம், 10 அடி எட்டும், ஆகவே 5 அடி மட்டுமே எட்டும் எதிரியை அதன் எல்லைக்கு வெளியே நின்று குத்தலாம். 5 அடிக்குள் உள்ளவரைக் குத்தினால் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுப்பது) வரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வீட்டு விதி ஒன்றைச் சேர்த்துக்கொள்ள மேசை ஒப்புக்கொண்டால், நான் பரிந்துரைப்பது இதுதான். சண்டை தொடங்கும்போது, அறிவுள்ள வாகனம் தானாக முன்வந்து சவாரி செய்பவரின் இனிஷியேட்டிவுக்கு மாறிக்கொள்ளலாம். அப்படி மாறிய பின் அது அவருடைய முறையில், அவர் கேட்கும் பாதையில் நகரும். டேஷ், டிஸ்எங்கேஜ், டாட்ஜ் ஆகியவற்றை இலவசமாகச் செய்யும். அது தாக்க வேண்டுமென்றால் சவாரி செய்பவர் ஒரு முறையில் ஒன்று மட்டும் செய்யக்கூடிய தன் சிறு கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷனைக் கொடுக்க வேண்டும். எந்தச் சுற்றின் தொடக்கத்திலும் வாகனம் இந்த உடன்பாட்டிலிருந்து விலகலாம். விலகினால், அந்தச் சண்டை முடியும்வரை அதன் சொந்த இனிஷியேட்டிவுக்குத் திரும்பிவிடும். போனஸ் ஆக்‌ஷனை விலையாக வைப்பதற்கு முன்னுதாரணம் உண்டு: 2020இல் வந்த துணை விதிநூல், ரேஞ்சரின் விலங்குத் துணை தாக்குவதற்கு இதே விலையைத்தான் வைத்தது. விலையே இல்லாமல் விட்டால், பெகாசஸ் வைத்திருப்பவர் ஒவ்வொரு சுற்றிலும் மற்றவர்களைவிட ஒரு முழு ஆக்‌ஷன் கூடுதலாகப் பெறுவார். நடந்தே போகும் ரோக் (திருடன் வகைப் பாத்திரம்) ஆட்டக்காரர் இரண்டு வாரத்தில் சலித்துப்போவார்.

இதேபோன்ற மற்றோர் ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பை ஆடுபவர்களுக்கு இந்தச் சிக்கல் வேறு வடிவில் வரும். அங்கே விலங்கு வாகனம் சவாரி செய்பவரின் முறையிலேயே இயங்குகிறது, அதற்குக் கட்டளையிட ஓர் ஆக்‌ஷன் செலவாகிறது, அடுத்தடுத்த தாக்குதல்களுக்கான குறைப்பை இருவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். மேலே சொன்ன வீட்டு விதியை அங்கே அப்படியே கொண்டுபோகத் தேவையில்லை.

உடன்பாட்டை எழுதிவைத்தல்

போர்க்குதிரையை 400 தங்கக் காசுக்கு வாங்கலாம். அறிவுள்ள உயிரினம் ஏன் சுமக்க ஒப்புக்கொள்கிறது என்பதற்குக் கதையில் ஒரு காரணம் வேண்டும். கூடு அழிக்கப்பட்ட கழுகு பழிவாங்கத் துணை தேடலாம். தீயவர்களின் கூண்டிலிருந்து மீட்கப்பட்ட பெகாசஸ் நன்றிக்காகச் சில காலம் உடன் வரலாம். போரில் தோற்ற வோர்க் உயிருக்கு ஈடாகச் சுமக்கலாம். சூரபத்மன் மயிலாகி முருகனைச் சுமந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தோற்ற பகைவன் வாகனமாவது புதிய செய்தி அல்ல. காரணம் எதுவானாலும், அதிலிருந்து மூன்று விவரங்களை வரவழைத்துப் பாத்திரத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளச் சொல்வேன்: வாகனம் எதை எதிர்பார்க்கிறது, எதை ஒருபோதும் செய்யாது, எப்போது விலகிவிடும். பெகாசஸ் நல்ல இயல்புடையது. சரணடைந்தவரைக் கொல்லும் பயணத்துக்கு அது முதுகு கொடுக்காது. வோர்க்கின் இயல்பு தீயது. வழியில் கிடைக்கும் ஆட்டு மந்தையைப் பற்றி அதனுடன் முன்கூட்டியே பேசிவைக்காவிட்டால், கிராமத்தாருக்குப் பதில் சொல்லும் வேலை உங்களுடையதாகிவிடும்.

இந்த உறவு காலப்போக்கில் வளர்வதையும் தேய்வதையும் அளக்க, 2014 பதிப்பின் டி.எம். நூலில் துணைப் பாத்திரங்களுக்கான விசுவாச மதிப்பெண் என்ற விருப்ப விதி இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதே இல்லை; வாகனங்களுக்கு அது மிக நன்றாகப் பொருந்துகிறது. மதிப்பெண்ணின் உச்சவரம்பு, குழுவில் உள்ளவர்களில் மிக உயர்ந்த கரிஸ்மா (ஆளுமை) எண். தொடக்கம் அதில் பாதி. கரிஸ்மா 16 உள்ள பாலடினின் குழுவில் பெகாசஸ் 8இல் தொடங்கும். அதற்கு நெருக்கமான ஓர் இலக்கை அடையக் குழு உதவினால் நான்கு பக்கப் பகடை ஒன்றின் எண் கூடும். அதன் இயல்புக்கு மாறாகக் குழு நடந்தால் அதே அளவு குறையும். சுயநலத்துக்காக அதை ஆபத்தில் தள்ளினாலோ ஏமாற்றினாலோ இரண்டு நான்குபக்கப் பகடைகளின் கூட்டுத்தொகை குறையும். மதிப்பெண் 10ஐத் தாண்டினால் உயிரைப் பணயம் வைத்து உதவும். 1 முதல் 10 வரை இருந்தால் விசுவாசம் நூலிழையில் தொங்குகிறது. பூஜ்யத்தைத் தொட்டால் விட்டுப்போகும் அல்லது மறைவாகக் குழிபறிக்கும். டி.எம். இந்த எண்ணை இரகசியமாக வைத்திருக்க வேண்டும். எண் தெரிந்துவிட்டால் ஆட்டக்காரர் வாகனத்திடம் பேசுவதை நிறுத்திவிட்டு எண்ணிடம் பேசத் தொடங்கிவிடுவார்.

வாகனத்தின் குரல் யாருடையது என்பதையும் இங்கேயே முடிவுசெய்துகொள்ளுங்கள். என் அனுபவத்தில் நன்கு அமைந்த பங்கீடு இது: சண்டையில் வாகனத்தின் பகடையைச் சவாரி செய்பவர் உருட்டுகிறார், பேச்சையும் மறுப்பையும் டி.எம். கையாள்கிறார். குழுவைப் பிரிந்து நிற்கும் பாத்திரத்தின் ஆட்டக்காரர் சும்மா இருந்தால், அந்த இரவுக்கு வாகனத்தை அவர் கையில் ஒப்படைப்பது இன்னும் நல்லது. எக்ஸ்பீரியன்ஸ் புள்ளிகளைக் கணக்கிடும் மேசையாக இருந்தால், கணிசமாக உதவும் துணைப் பாத்திரங்களையும் பங்காளிகளாக எண்ணிப் பிரிக்க வேண்டும் என்று அதே நூல் சொல்கிறது. சேர்ந்து சண்டையிடும் பெகாசஸுக்கும் அந்தப் பங்கு உண்டு.

வானத்தில் இருக்கும்போது

பறக்கும் உயிரினம் வீழ்த்தப்பட்டாலோ, அதன் வேகம் பூஜ்யமானாலோ, அசையும் ஆற்றலை இழந்தாலோ, அந்தரத்தில் நிற்கும் திறன் அல்லது மந்திர ஆதாரம் இல்லாவிட்டால் கீழே விழும். விழும் ஒவ்வொரு 10 அடிக்கும் ஓர் ஆறுபக்கப் பகடை சேதம். உச்சவரம்பு 20 பகடை. ஆகவே 100 அடி உயரத்தில் பறக்கும் பெகாசஸ் மேல் ஒருவர் அசையாமல் முடக்கும் ‘ஹோல்ட் மான்ஸ்டர்’ மந்திரம் போட்டுவிட்டால், வாகனத்துக்கும் மேலிருப்பவருக்கும் பத்துப் பகடை சேதம் காத்திருக்கிறது. ராட்சதக் கழுகின் நிலை இன்னும் மோசம்: அதன் ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) 26தான், எனவே கொஞ்சம் காயம்பட்டிருந்தால் முதல் லெவல் ‘ஸ்லீப்’ மந்திரமே அதைத் தூங்கவைத்துவிடும், 59 ஹிட் பாயிண்ட் உள்ள பெகாசஸை முழு நலத்துடன் இருக்கும்போது முதல் லெவலில் போடும் அந்த மந்திரம் தொட முடியாது.

இதற்கு மலிவான காப்பு ‘ஃபெதர் ஃபால்’. முதல் லெவல் மந்திரம், ரியாக்‌ஷனில் போடலாம், 60 அடிக்குள் விழும் ஐந்து உயிரினங்கள் வரை தாங்கும். குழுவில் விசர்டோ பார்டோ (மந்திரவாதியோ பாணரோ) இருந்து, அவரும் 60 அடிக்குள் இருக்கும்படி பறந்தால் பாதி கவலை தீர்ந்தது. சவாரி செய்பவரே அதைக் கற்றிருந்தால் முழுக் கவலையும் தீரும். பறக்கும் வாகனத்துக்கு 60 தங்கக் காசு விலையுள்ள ‘எக்ஸாட்டிக்’ சேணம் கட்டாயம். அதை வாங்க மறந்துவிட்டு மேலே ஏறுபவர்கள் அதிகம். போர்ச் சேணம் அமர்ந்திருப்பதற்கான ‘செக்’குகளுக்கு (திறன் சோதனைகளுக்கு) அட்வான்டேஜ் (இரண்டு பகடையில் உயர்ந்ததை எடுப்பது) தரும் என்று நூல் எழுதியிருக்கிறது, ஆனால் விழாமல் இருக்க நாம் வீசுவதோ சேவிங் த்ரோ. எழுத்துக்கு எழுத்து படித்தால் அந்தச் சேணத்தால் பயனே இல்லை. சேவிங் த்ரோவுக்கும் அட்வான்டேஜ் கொடுத்துவிடுவதே நியாயம் என்பது என் முடிவு.

சேதம் தாங்கும் திறனைக் கூட்ட விரும்புபவர் ‘மவுண்டட் காம்பாட்டன்ட்’ ஃபீட்டை (சிறப்புத் தகுதியை) எடுக்கலாம். வாகனத்தை நோக்கிய தாக்குதலைத் தன் மேல் திருப்பிக்கொள்ளலாம் என்பதும், பாதிச் சேதத்துக்கான டெக்ஸ்டெரிட்டி சேவிங் த்ரோவில் வாகனம் வென்றால் சேதமே படாது, தோற்றால் பாதிதான் என்பதும் அதன் உண்மையான மதிப்பு. வாகனத்தைவிடச் சிறிய, வாகனமில்லாத எதிரிகள் மேல் நெருங்கித் தாக்கும்போது அட்வான்டேஜ் கிடைப்பதைப் பலர் பெரிதாகப் பேசுவார்கள். பெகாசஸ் ‘லார்ஜ்’ அளவுதான் என்பதால் ஓர்க் மேல் அது பலிக்கும், ஓகர் மேல் பலிக்காது.

சுமையும் குறுகிய வழிகளும்

சுமக்கும் அளவு ஸ்ட்ரெங்த் எண்ணின் 15 மடங்கு பவுண்டு. ‘லார்ஜ்’ உயிரினத்துக்கு அது இரட்டிப்பாகும். பெகாசஸ் 540 பவுண்டும், வோர்க்கும் ராட்சதக் கழுகும் 480 பவுண்டும் தாங்கும். வாகனத்துக்குக் கவசம் பூட்டினால் விலை நான்கு மடங்கு, எடை இரு மடங்கு என்பதைக் கணக்கில் சேருங்கள். சுரங்கங்களில் 5 அடி அகல வழி வந்தால் ‘லார்ஜ்’ வாகனம் உடலை ஒடுக்கிக்கொண்டுதான் நுழைய முடியும். அப்போது ஒவ்வோர் அடிக்கும் ஓர் அடி கூடுதலாகச் செலவாகும், அதன் தாக்குதலிலும் டெக்ஸ்டெரிட்டி சேவிங் த்ரோவிலும் டிஸ்அட்வான்டேஜ் வரும், அதைத் தாக்குபவர்களுக்கு அட்வான்டேஜ் கிடைக்கும். வெளியில் காத்திருக்கச் சொல்வதே பெரும்பாலும் நல்லது. காத்திருக்கும் நேரத்தில் அறிவுள்ள வாகனம் என்ன பார்த்தது என்று திரும்பி வந்ததும் கேட்டுப் பாருங்கள். வேவு பார்க்க அதைவிடச் சிறந்த ஆள் கிடைக்காது.

மந்திரத்தால் அழைக்கப்படும் வாகனம்

பாலடினின் ‘ஃபைண்ட் ஸ்டீட்’ இரண்டாம் லெவல் மந்திரம். போட 10 நிமிடம் ஆகும். வந்து சேரும் ஆவி, குதிரை முதலான விலங்கின் வடிவம் எடுத்தாலும் இன்டெலிஜென்ஸ் குறைந்தது 6 பெறும், பாலடின் அறிந்த ஒரு மொழியைப் புரிந்துகொள்ளும், ஒரு மைலுக்குள் இருந்தால் மனத்தாலேயே உரையாடும். மேலே சொன்ன மொழிச் சோதனைப்படி இது அறிவுள்ளதுதான்; ஆனால் பாலடினும் அதுவும் ஒரே உடலாகப் போரிடும் பிணைப்பு உண்டு என்று மந்திரமே கூறுவதால், கட்டுப்படுத்துவதா தன்னிச்சையாக விடுவதா என்பதைச் சண்டைக்குச் சண்டை பாலடினே தேர்ந்தெடுக்க விடலாம். இங்கே விசுவாச மதிப்பெண் தேவையில்லை. தன்னை மட்டும் குறிவைத்துப் போடும் மந்திரங்களை அமர்ந்திருக்கும்போது வாகனத்துக்கும் நீட்டலாம் என்ற சலுகையை மறந்துவிட வேண்டாம். ‘ஷீல்ட் ஆஃப் ஃபெய்த்’ போன்ற ஒன்றால் இருவரையும் காக்கலாம். நான்காம் லெவல் ‘ஃபைண்ட் கிரேட்டர் ஸ்டீட்’ 2017இல் வந்தது. அதன் மூலம் பெகாசஸ் வடிவத்தையே அழைக்கலாம். அழைத்த வாகனத்தின் ஹிட் பாயிண்ட் தீர்ந்தால் அது மறையும், மறுபடி அழைத்தால் அதே வாகனம் முழு நலத்துடன் திரும்பும். காட்டில் நட்பான பெகாசஸுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே முக்கியமான துணைப் பாத்திரங்களுக்கு ஆட்டக்காரர்களைப் போலவே டெத் சேவ் (சாவிலிருந்து மீள உருட்டும் பகடை) வீச டி.எம். அனுமதிக்கலாம் என்ற விதியை இயற்கையான வாகனங்களுக்குப் பயன்படுத்துங்கள்.

2024ஆம் ஆண்டு விதிநூலை வைத்து ஆடுபவர்கள் சில மாற்றங்களைக் கவனிக்க வேண்டும். ஏறும் செலவும், கட்டுப்படுத்தும் வாகனத்தின் மூன்று ஆக்‌ஷன்களும் அப்படியே இருக்கின்றன. வாகனம் சாய்ந்து விழும்போதும் இப்போது சவாரி செய்பவர் அதே 10 இலக்குள்ள சேவிங் த்ரோவைச் செய்கிறார்; ரியாக்‌ஷனைச் செலவழித்துக் குதிக்கும் பழைய வழி இல்லை. ‘ஃபைண்ட் ஸ்டீட்’ அழைக்கும் வாகனத்துக்குத் தனிக் குறிப்பு தரப்பட்டுள்ளது. அது பாலடினின் இனிஷியேட்டிவைப் பகிர்ந்துகொண்டு, அவர் மேலே இருக்கும்வரை கட்டுப்படுத்தப்பட்ட வாகனமாகவே இயங்குகிறது, அவர் செயலிழந்தால் மட்டும் அவருடைய முறைக்கு அடுத்து வந்து தன்னிச்சையாகச் செயல்படுகிறது. மந்திரத்தை நான்காம் லெவலிலோ அதற்கு மேலோ போட்டால் அதற்குச் சிறகும் உண்டு.